மௌன ஜெபம்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி, இருபத்தைந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து ஜெபிப்போம். ஆறு வருடமாக நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வராதவர்கள் மார்க்கெட்டில் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். காய்கறிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் 'அதைச் சொல்லியிருக்கலாமே' என்று நினைப்பதே வழக்கமாகிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் சாமியாரும் இல்லை, வேதசாஸ்திரம் படித்தவனும் இல்லை. தோட்டத்து ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா பால்மரம் சீவியவர்.

மௌன ஜெபம் என்றால் என்ன?

கடவுளிடம் எதையும் கேட்காமல், எதையும் விளக்காமல், அவர் முன்னால் கொஞ்ச நேரம் இருப்பது. புத்தகங்களில் தியான ஜெபம், ஆழ்நிலை ஜெபம், காட்சித் தியானம் என்று பல பெயர்களைப் பார்ப்பீர்கள். அவற்றுக்குள் நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு. ஆரம்பிக்கிறவருக்கு அவை தேவையில்லை.

பிரான்சில் ஆர்ஸ் என்ற சின்ன ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் மரிய வியான்னி என்ற பங்குத்தந்தை இருந்தார். அங்கே ஒரு விவசாயி கோயிலுக்கு வந்து நற்கருணைப் பேழைக்கு எதிரே வெறுமனே உட்கார்ந்திருப்பாராம். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்" என்றாராம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலேயே அந்த விவசாயிக்கு இடம் கிடைத்துவிட்டது. எந்தப் பேராசிரியர் சொன்னதைவிடவும் எனக்கு அந்தப் பதில்தான் பிடிக்கும்.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் கையோடு இருக்கிறது: சும்மா இருத்தல். வீட்டில் பிள்ளையை அதட்டவும் அதைத்தான் சொல்கிறோம், தாயுமானவர் அரிய திறம் என்று பாடியதும் அதைத்தான். சங்கீதம் 46-இல் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்று வருகிற இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'சும்மா இரு'தான் காதில் விழும்.

சும்மா உட்கார்ந்திருந்தால் அது எப்படி ஜெபமாகும்? ஏதாவது செய்ய வேண்டாமா?

செய்ய வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். கித்தா (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மரம் சீவுகிறவர் பால் உண்டாக்குவதில்லை. உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். மற்றது மரத்தின் வேலை. இருட்டோடு போவதற்கும் காரணம் உண்டு: குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். பால் போதவில்லை என்று ஆழமாக வெட்டினால் கூடுதல் பால் வராது, மரத்தில் காயம்தான் விழும். அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளர்ந்து, பிறகு உளியே ஓடாது.

ஜெபத்திலும் எங்கள் பங்கு அந்த மெல்லிய சீவல்தான். நேரத்துக்கு வந்து உட்காருவது, ஒரு சொல்லோ ஒரு வசனமோ வைத்துக்கொள்வது, மனம் போனால் திரும்புவது. கண்ணீர் வரவேண்டும், சிலிர்க்க வேண்டும் என்று அழுத்தி வெட்டப் போனால் காயம்தான்.

காலையில் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். எனக்கு நேரமே இல்லையே?

இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். விடியுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போன காலம் மலையேறிவிட்டது, இன்று நம் பிள்ளைகள் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். விடிவதற்குமுன் எழும் பழக்கம் மட்டும் விடவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று இருக்கிறது. அந்த 'இருட்டோடே' தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சொல்.

சில முறைகளில் காலையும் மாலையும் இருபது அல்லது முப்பது நிமிடம் என்று சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் புதியவருக்கு நான் சொல்வது ஒரு நாளைக்கு ஒரு முறை, பத்து நிமிடம். ஒரு மாதம் விடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தவர் பிறகு தானாக இருபதுக்குப் போவார். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தவரை அடுத்த வாரம் நான் பார்த்ததில்லை.

பஸ்ஸிலும் செய்யலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய தனியறை கிடைக்காது.

வேலையே ஜெபமாகும் வழியும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்றொருவர் சமையற்கட்டில் வேலை செய்தார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்கிறேன் என்றவர். ரொட்டி சானாய் புரட்டும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, காலை எட்டு மணிக்கு எங்கள் கடைக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்" என்றார். அதுவும் நியாயம்தான். லாரன்ஸுக்கே அது பல வருடம் கழித்துத்தான் கைகூடியது.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

நாங்கள் இரண்டு வழி சொல்லித் தருகிறோம். எது ஒத்துவருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

முதலாவது வாசிப்பு வழி. லத்தீனில் லெக்சியோ திவினா என்பார்கள், தமிழில் இறைவாசிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் கிகோ இதை நான்கு படிகள் உள்ள ஏணியாக எழுதி வைத்தார்: வாசித்தல், அசைபோடுதல், ஜெபித்தல், அமைதியில் தங்குதல். செய்வது இப்படி. நற்செய்தியில் ஐந்தாறு வசனங்கள் மட்டும் எடுத்து, வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். மறுபடி வாசியுங்கள். ஏதோ ஒரு சொல் செருப்பில் ஏறின முள் மாதிரி குத்தும். அங்கே நின்றுவிடுங்கள். அதை மனதுக்குள் மெல்லுங்கள், மாடு அசைபோடுவது போல. அது எதைக் கிளப்புகிறதோ அதைக் கடவுளிடம் சொல்லுங்கள், கோபமானாலும் சரி. சொல்லி முடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே இருங்கள். வசனத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். எங்கள் குழுவில் ஒரு அக்காள் "உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று இயேசு குருடனைக் கேட்ட கேள்வியிலேயே மூன்று வாரம் நின்றார்.

இரண்டாவது சொல் வழி. முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். நாற்காலி போதும், முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து புண்ணியம் சேர்க்க வேண்டாம். கண்களை மூடி, ஒரு சிறு சொல்லை மனதுக்குள் மென்மையாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். 'மாரநாதா' என்பார்கள் சிலர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் கடைசியில் வரும் அரமேயச் சொல் அது. மா-ர-நா-தா என்று நான்கு சம அசைகளாகச் சொல்வார்கள். கிழக்குத் திருச்சபையினர் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற இயேசு ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்கிறார்கள், முதல் பாதி உள்மூச்சில், மறுபாதி வெளிமூச்சில். என் அம்மாவுக்கு 'அப்பா' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வராதபடி அடைத்துவிட்டு வையுங்கள். முதல் மாதம் நான் அடைக்காமல் விட்டதில், ஜெபத்தின் நடுவில் மச்சானிடமிருந்து மூன்று புலனச் (வாட்ஸ்அப்) செய்தி. மூன்றும் வாழைப்பழ விலை.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தானே இயேசு 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்று கண்டித்தார்?

மத்தேயு 6:7-ஐ முழுதாக வாசியுங்கள். அதிகமாகப் பேசினால் கேட்கப்படும் என்று நினைத்து வார்த்தைகளைக் கொட்டுவதைத்தான் அவர் கண்டிக்கிறார். சொல்லைக் குறைத்துக்கொண்டே போகும் வழி இது. அதற்கு முந்திய வசனமே "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்பதுதான். கெத்செமனேயில் இயேசுவே மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்ததாக மத்தேயு 26 சொல்கிறது. இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஒரே வரிதான் சொன்னான்.

உண்மையைச் சொல்லுங்கள், இது இந்து தியானம்தானே? சிலுவை மாட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் கதை நம் நாட்டில்தான் நடந்தது.

1950-களின் நடுவில் ஜான் மெயின் என்ற கத்தோலிக்க இளைஞர் ஆங்கிலேய அரசாங்க வேலையில் மலாயா வந்தார். அலுவலாகக் கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தாவைச் சந்திக்கப் போனார். பூச்சோங் சாலையில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திக்கொண்டிருந்த சுத்த சமாஜத்தின் நிறுவனர் அவர். வந்த வேலை முடிந்ததும் பேச்சு ஜெபத்தின் பக்கம் திரும்பியது. எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார் மெயின். நீ கிறிஸ்தவன், உனக்குக் கிறிஸ்தவச் சொல் ஒன்றை வைத்துக்கொள், காலையும் மாலையும் உட்கார் என்றார் சுவாமி. மதம் மாறச் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை மெயின் அங்கே போய் அவரோடு உட்கார்ந்தார்.

பிறகு மெயின் லண்டனில் பெனடிக்டைன் துறவியானார். அங்கே பயிற்சித் தந்தை இந்த முறையை விட்டுவிடச் சொல்ல, கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். பல வருடம் கழித்து ஜான் காசியன் எழுதிய பழைய நூலை எடுத்துப் படித்தால், அதில் அதே முறை! காசியன் எகிப்துப் பாலைவனத் துறவிகளிடம் கற்று, 5-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர். ஒரே ஒரு சங்கீத வரியை இடைவிடாமல் பற்றிக்கொள் என்று பத்தாவது உரையாடலில் சொல்கிறார்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." மெயின் 1975-இல் லண்டனில் தியானக் குழுக்களைத் தொடங்கினார், 1982-இல் இறந்தார். அவர் தொடங்கியது 1991-இல் கிறிஸ்தவத் தியானத்துக்கான உலகச் சமூகம் என்று பெயர் பெற்று, இன்று மலேசியா உட்படப் பல நாடுகளில் இருக்கிறது. நம் கித்தா லண்டன் போய் டயராகத் திரும்பி வந்த மாதிரிதான்.

ஆக, கேள்விக்குப் பதில்: வழக்கம் கிறிஸ்தவத்தில் மிகப் பழையது. அதை ஒருவருக்கு நினைவூட்டியவர் ஒரு சுவாமி. இதில் மறைக்கவோ கூச்சப்படவோ எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொல்கிறது என்றால், 1989-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. பிற சமயங்களின் முறைகளில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உடலில் உண்டாகும் அமைதியையே பரிசுத்த ஆவியின் அருள் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், கிறிஸ்துவை ஓரம் கட்டாதீர்கள் என்பது அதன் சாரம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மூச்சை நிதானமாக விட்டால் யாருக்கும் படபடப்பு குறையும். அது ஜெபத்துக்கு வாசல்படி, ஆனால் வாசல்படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது.

மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. எனக்கு இது வராது போலிருக்கிறது.

உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் மோட்டார் தவணை, மருமகள் சொன்ன ஒரு வார்த்தை, மீன்காரருக்குத் தரவேண்டிய பாக்கி எல்லாம் வரிசையில் நிற்கும். எல்லாருக்கும் அப்படித்தான். எகிப்துப் பாலைவனத்தில் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, நண்பகல் பேய் என்று ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்தால் சூரியன் நகராதது போலவும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பது போலவும் தோன்றுமாம். துறவி ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பாராம், யாராவது வருகிறார்களா என்று. கைப்பேசியில் இன்னும் எத்தனை நிமிடம் என்று எட்டிப் பார்க்கும் எனக்கு, 1,600 வருடத்துக்கு முந்திய கூட்டாளி அவர்.

அமெரிக்காவில் 1970-களில் மையப்படுத்தும் ஜெபம் என்ற முறையை வகுத்த துறவிகளில் ஒருவர் தாமஸ் கீட்டிங். ஒரு கன்னியர் அவரிடம், "இருபது நிமிடத்தில் பத்தாயிரம் எண்ணங்கள் வந்தன, நான் தோற்றுவிட்டேன்" என்றாராம். "அருமை, கடவுளிடம் திரும்ப உங்களுக்குப் பத்தாயிரம் வாய்ப்பு கிடைத்ததே" என்றாராம் கீட்டிங்.

எனவே எண்ணம் வந்தால் விரட்டாதீர்கள், அதோடு பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். வந்ததைக் கவனித்ததும் சொல்லுக்குத் திரும்புங்கள். 'சே, மறுபடியும் போய்விட்டேனே' என்று தலையில் அடித்துக்கொள்வதும் இன்னொரு எண்ணம்தான். நான் அதில்தான் அதிக நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன்.

தூக்கம் குறைவு என்று அர்த்தம். பத்து மணிக்குப் படுங்கள். சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள், வயிறு நிறைய நாசி லெமாக் இருந்தால் எந்த மகானும் குறட்டைதான் விடுவார்.

வீட்டைச் சுற்றிலும் சத்தம். அமைதிக்கு எங்கே போவது?

எங்கள் வீட்டிலிருந்து கேட்பவை: விடியற்காலையில் பாங்கு ஒலி, ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, ரயில், பக்கத்து வீட்டுப் பையனின் சைலன்சர் இல்லாத மோட்டார். முதல் வருடம் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தேன். பிறகு ஒன்று புரிந்தது. பாங்கு சொல்கிறவரும் கோயில் மணி அடிக்கிறவரும் ஜெபத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். நான் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். இப்போது பாங்கு கேட்டால் அதுவே எனக்கு ஆரம்ப மணி. மோட்டாருக்கு மட்டும் இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை.

மாதக்கணக்கில் உட்காருகிறேன், ஒன்றுமே நடக்கவில்லை. வறட்சி.

அவிலா தெரசா 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் பெரிய ஜெப ஆசிரியை. தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் ஒளிக்காமல் எழுதியிருப்பது: பல வருடம் ஜெப வேளையில், நேரம் எப்போது முடியும் என்ற ஏக்கமே தனக்கு மேலோங்கி இருந்ததாம். கையில் புத்தகம் இல்லாமல் ஜெபிக்கத் துணியாத காலம் மட்டும் பதினெட்டு வருடம்.

அதே நூலில் ஒரு தோட்ட உவமை சொல்கிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் நான்கு விதமாக வரும். கிணற்றில் இறைத்து வாளியில் சுமப்பது, இராட்டினம் வைத்து இறைப்பது, ஓடையிலிருந்து பாய்வது, மழை. ஜெபமும் அப்படித்தான், முதலில் சுமப்பு, கடைசியில் மழை. லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு பைப் இருந்த நாளில் வாளி சுமந்தவர்களுக்கு முதல் விதம் நன்றாகவே தெரியும். தெரசா சொல்வதில் எனக்குப் பிடித்த இடம் வேறு: கிணறே வற்றியிருந்தாலும் வாளியை இறக்கு என்கிறார். தோட்டம் உன்னுடையது இல்லை, அவருடையது. நீ கூலியாள் மாதிரி வந்து நின்றாய், அது போதும்.

அவருடைய தோழர் சிலுவை அருளப்பர், 1577-இல் சொந்தச் சபையினராலேயே பிடிக்கப்பட்டு, தொலேதோ நகரில் ஓர் இருட்டறையில் ஒன்பது மாதம் அடைபட்டுக் கிடந்தவர். 'இருண்ட இரவு' என்ற சொல் அவருடையது. எல்லா வறட்சியும் இருண்ட இரவு ஆகிவிடாது, அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார். கடவுள் காரியத்தில் சுவை இல்லை, வேறு எதிலும் சுவை இல்லை. கடவுளை விட்டு விலகிப் போகிறேனோ என்ற கவலை மட்டும் விடவில்லை. முன்போல யோசித்துத் தியானிக்க முயன்றாலும் முடியவில்லை. ஜெபத்தில் சுவை இல்லை, ஆனால் ஆஸ்ட்ரோ டிவியில் சீரியல் பார்க்கும்போது சுவை நன்றாக இருக்கிறது என்றால், அது வெறும் சோம்பல்தான். என் அனுபவத்தில் பெரும்பாலும் அதுதான்.

கண்ணை மூடினால் அழுகை வருகிறது, பழைய நினைவெல்லாம் வருகிறது. தொடரலாமா?

கொஞ்சம் அழுவது சகஜம். வாய் மூடினால் உள்ளே இருப்பது பேசத் தொடங்கும். ஆனால் மூச்சு முட்டுவது போல் பயம், தூக்கமின்மை, குரல்கள் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நீண்ட மௌனம் வேண்டாம். கண் திறந்து சங்கீதம் ஒன்றை வாய்விட்டு வாசியுங்கள், நடந்துகொண்டே ஜெபியுங்கள், டாக்டரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் கேட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் யாரோ "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று சொல்லி, அவர் நிறுத்திவிட்டு, வீட்டார் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாத்திரையை எழுதியவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நான் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

வெளிச்சம் தெரிகிறது, குரல் கேட்கிறது என்று சிலர் சொல்கிறார்களே?

சிலுவை அருளப்பரின் ஆலோசனை கறாரானது: பற்றிக்கொள்ளாதே, தேடிப் போகாதே, விட்டுவிட்டு நட. நாங்களும் வியாழக்கிழமை அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசத் தொடங்கினால் அடுத்த வாரம் எல்லாருக்கும் தெரியத் தொடங்கிவிடும்.

செபமாலை சொல்கிறேனே, அது போதாதா?

தாராளமாகப் போதும். உபதேசியார் முன்னால் சொல்ல, தோட்டத்துச் சிற்றாலயத்தில் நாங்கள் பின்னால் சொல்லி வளர்ந்த ஜெபம் அது. மாதம் ஒரு முறை சாமியார் வந்த காலத்தில் விசுவாசத்தைக் காத்தது செபமாலைதான். பாட்டிமார் ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லி முடித்தபின் மணியைக் கையில் வைத்துக்கொண்டே வெறுமனே உட்கார்ந்திருப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? அதுதான் இது. பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் மெத்தடிஸ்ட், லூத்தரன். எங்களுக்கு ஒத்துவருமா?

எங்கள் குழுவில் மூன்று பேர் கத்தோலிக்கர் இல்லை. லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லர் காலத்தில் ஃபின்கன்வால்டேயில் நடத்திய குருமடத்தில், மாணவர்கள் தினமும் காலை அரை மணி நேரம் மௌனமாக உட்கார வேண்டும், ஒரு வாரம் முழுக்க ஒரே வேதப்பகுதி. மெத்தடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி, தாமஸ் அ கெம்பிஸின் கிறிஸ்துவைப் பின்பற்றுதல் நூலை ஆங்கிலத்தில் தாமே பதிப்பித்தவர். பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கு மட்டும் முதல் இரண்டு வாரம் கஷ்டம். அல்லேலூயா தொண்டைவரை வந்து நிற்கும்.

என்ன படிக்கலாம்?

முதலில் வேதாகமம். பழைய மொழிபெயர்ப்பையும், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பகுதியை வாசித்துப் பாருங்கள். வேகம் தானாகக் குறையும். சங்கீதங்களில் 23, 42, 62, 63, 131, 139. இதில் 131 மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்று வரும். பால் குடிக்கும் பிள்ளை தாயிடம் பாலுக்காகப் போகும். பால் மறந்த பிள்ளை சும்மா மடியில் கிடக்கத்தான் போகும். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களுக்கு இதற்கு உரையே வேண்டாம்.

அடுத்து சகோதரர் லாரன்ஸின் சின்னப் புத்தகம். கடவுளின் பிரசன்னத்தில் வாழ்வது பற்றியது, ஒரு மாலையில் முடித்துவிடலாம், ஆனால் முடிக்காதீர்கள். ரஷ்ய யாத்ரீகன் ஒருவன் இயேசு ஜெபத்தோடு ஊர் ஊராக நடக்கும் 19-ஆம் நூற்றாண்டுக் கதையும் வாசிக்கச் சுகமானது. ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ஜான் மெயினின் 'வேர்ட் இன்டு சைலன்ஸ்', கீட்டிங்கின் 'ஓப்பன் மைண்ட், ஓப்பன் ஹார்ட்'. தெரசாவின் 'உள்ளரண்' ஏழு மாளிகைகள் கொண்டது. முதல் மூன்றோடு ஒரு வருடம் இருக்கலாம். 14-ஆம் நூற்றாண்டில் பெயர் சொல்லாத ஓர் ஆங்கிலேயர் எழுதிய 'அறியாமையின் மேகம்' பெரிய நூல்தான், ஆனால் முதல் வருடம் வேண்டாம். ஆண்டனி டி மெல்லோவின் 'சாதனா'வில் பயிற்சிகள் நன்றாக இருக்கும். அவருடைய சில எழுத்துகளைப் பற்றி 1998-இல் வத்திக்கான் எச்சரிக்கை வெளியிட்டது என்பதையும் தெரிந்துகொண்டே படியுங்கள்.

தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய மனோகரம்'. மௌனத்துக்கு முன்னால் அதிலிருந்து ஒரு பாட்டை மெதுவாகப் பாடிவிட்டு உட்கார்ந்தால் அறையே வேறாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஜெபத்தைப் பற்றிப் படிப்பது ஜெபிப்பதைவிடச் சுகமாக இருக்கும். என்னிடம் நாற்பது புத்தகம் இருக்கிறது, அதில் பாதி உட்காராமல் தப்பிக்க வாங்கியவை.

தனியாகப் போய்த் தங்கித் தியானிக்க இடம் உண்டா? வழிகாட்டி வேண்டுமா?

வழிகாட்டி இருந்தால் நல்லது. பங்குத்தந்தையிடமோ, நிதானமான ஓர் அருள்சகோதரியிடமோ மாதம் ஒரு முறை பேசினால் போதும். உங்களைத் தன்மேல் சார்ந்திருக்க வைப்பவர், காசு கேட்பவர், அடிக்கடி "கடவுள் உனக்குச் சொல்லச் சொன்னார்" என்பவர், இந்த மூவரையும் தவிர்த்துவிடுங்கள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளை வீட்டிலிருந்தபடியே மாதக்கணக்கில் செய்யும் வழியும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் புனித சவேரியார் ஆலயத்தை நடத்தும் இயேசு சபையினரிடம் கேட்டுப் பாருங்கள்.

இடம் என்றால், வடக்கே புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயம். ஜூலைத் திருவிழாவில் போனால் கூட்டத்தில் செருப்பைக்கூடக் காப்பாற்ற முடியாது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். மலையடிவாரத்தில் 1888-இல் கட்டிய பழைய ஆலயத்தில் உங்களையும் ஒரு பல்லியையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் எப்படியும் திருச்சியில்தான் விமானம் இறங்குவீர்கள். அங்கிருந்து கரூர் சாலையில், குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவேரிக் கரையோரம் சாந்திவனம் இருக்கிறது. 1950-இல் மோன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது, பின்னால் பீட் கிரிஃபித்ஸ் பல வருடம் நடத்தியது. தங்கலாம். ஆலயம் கோயில் மாதிரி கோபுரத்தோடு இருக்கும். பார்த்ததும் சிலருக்கு முகம் சுளிக்கும், சிலருக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல் இருக்கும். நான் இரண்டாவது வகை. என் மனைவி முதல் வகை. இரண்டு பேரும் சாயங்காலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம், அதில் சண்டை இல்லை.

வியாழக்கிழமை வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

வரலாம். முன்னால் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணிக்கு ஒரு வேதப்பகுதி வாசிப்போம், இருபத்தைந்து நிமிடம் மௌனம், கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபம். யாரும் பிரசங்கம் செய்ய மாட்டோம், எப்படி இருந்தது என்று யாரையும் கேட்க மாட்டோம், காணிக்கைப் பை கிடையாது. எட்டைந்துக்குமேல் கதவைச் சாத்திவிடுவோம். பூட்டமாட்டோம், தாமதமாக வந்தால் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டி வரலாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள், பின்கட்டில் பேத்தியோடு விளையாடட்டும். முடிந்ததும் தே ஓவும் (பாலில்லாத் தேநீர்) மைலோவும் பிஸ்கட்டும் உண்டு. நாற்காலி எட்டுதான் இருக்கிறது, ஒன்பதாவதாக வருகிறவர் தரையில் உட்காரத் தயாராக வாருங்கள், அல்லது மோட்டாரில் ஒரு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு பேர் அப்படித்தான் வருகிறார்கள்.